எழுதப் பழகுகிறேன், ஆனால் வாசிப்பதும் சேர்ப்பதுமே முடிகிற பாடில்லை. என்ன செய்வது?

உங்கள் கேள்வியை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். சிறுகதை எழுத ஆசை. அதற்காகக் காணொளி பார்க்கிறீர்கள், கட்டுரை வாசிக்கிறீர்கள், கண்ணில் படுகிற இணைப்பையெல்லாம் சேமித்து வைக்கிறீர்கள். சேர்த்தது குவிந்து கிடக்கிறது, எழுதியது ஒரு பக்கமும் இல்லை. இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

நான் பெரிய எழுத்தாளர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு அரச அலுவலகத்தில் வேலை. பதவியின் பெயர் முகாமைத்துவ உதவியாளர். ஊரில் கேட்டால் கிளாக்கர் என்பார்கள். அச்சில் வந்த கதைகள் இதுவரை நான்கு. ஆனால் நீங்கள் சொல்கிற இதே வருத்தத்தில் மூன்று வருசம் கிடந்து எழும்பியவள். அந்தத் தைரியத்தில் பதில் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் முன்பு சுருட்டுக் கொட்டில்கள் இருந்தன. வரிசையாக இருந்து சுருட்டுச் சுற்றுவார்கள். ஒருவர் மட்டும் சுற்றாமல், பத்திரிகையோ நாவலோ எடுத்து வைத்து உரத்து வாசிப்பார். எழுத்தறியாத ஆட்கள்கூட நாட்டு நடப்பைக் கரைத்துக் குடித்தவர்கள் போலக் கதைத்தது அப்படித்தான். அம்மாவின் பெரியப்பா, நாங்கள் பெரியப்பு என்று கூப்பிடுபவர், இளவயதில் அப்படி ஒரு கொட்டிலில் இருந்தவர். அந்த வாசிப்புக்காரரை வைத்து ஒரு கதை எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

எழுதுவதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்ப்போம் என்று தொடங்கினேன். மடிக்கணினியில் 'கொட்டில்' என்று ஒரு கோப்புறை. நூலகம் தளத்தை அறிந்திருப்பீர்கள். 2005இல் தொடங்கிய எண்ணிம நூலகம். ஈழத்து நூல்களையும் பழைய இதழ்களையும் பத்திரிகைகளையும் காசில்லாமல் வாசிக்கலாம். அதற்குள் நுழைந்தால் திரும்பி வருவது கடினம். புகையிலைச் செய்கை பற்றிய கட்டுரை ஒன்றைத் தேடிப் போவேன். அது தென்னிலங்கையில் எங்கள் ஆட்கள் வைத்திருந்த சுருட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து ரயில் பாதை, ரயில் பாதையிலிருந்து 1950களின் பத்திரிகை விளம்பரங்கள். விடிய இரண்டு மணி ஆகியிருக்கும். கடைசியில் எண்ணிப் பார்த்தபோது 140 பிடிஎஃப் இருந்தன. முழுதாக வாசித்தது பன்னிரண்டு வரும் என்று நினைக்கிறேன். அதுவும் தாராளமாகச் சொன்ன கணக்கு.

அந்த மூன்று வருசமும் நான் சோம்பிக் கிடக்கவில்லை. வினையே அதுதான். ஒவ்வொரு இரவும் களைத்துப்போய்ப் படுத்தேன், நிறையச் செய்துவிட்ட நினைப்போடு. சும்மா இருந்திருந்தால் குற்ற உணர்ச்சியாவது வந்து பேனையை எடுக்க வைத்திருக்கும். தேடிக்கொண்டிருந்ததால் அதுவும் வரவில்லை.

ஏன் இப்படிச் சேர்த்தேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். எல்லோருக்கும் இதே காரணம் இருக்காது. எங்கள் ஊர் ஆட்களுக்கு இருக்கக்கூடும். 1981இல், மே 31 இரவு கடந்து ஜூன் பிறக்கும் வேளையில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும். நான் அப்போது பிறக்கவில்லை. ஆனாலும் அந்த எண் மனப்பாடம். 1995 ஒக்ரோபர் கடைசியில் ஊரே இடம்பெயர்ந்தபோது எனக்கு ஏழு வயது. அப்பா தன் புத்தக அலுமாரியைப் பூட்டி, திறப்பை இடுப்பில் முடிந்துகொண்டு, தென்மராட்சிப் பக்கம் சைக்கிளை உருட்டினார். திரும்பி வந்தபோது புத்தகமும் இல்லை, அலுமாரியும் இல்லை. திறப்பு மட்டும் இன்றைக்கும் சாமிப் படத்துக்குப் பின்னால் தொங்குகிறது.

இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவள் பிடிஎஃப் ஒன்றைக் கண்டால் இறக்காமல் விடுவாளா? நாளைக்கு இது இல்லாமல் போனால் என்ற பயம். ஒவ்வொரு இறக்கமும் நெருப்பிலிருந்து ஒரு புத்தகத்தை இழுத்து எடுத்தது போல ஒரு நிம்மதி.

அந்த நிம்மதி பொய். காப்பாற்றுகிற வேலையைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள், என்னைவிட நூறு மடங்கு ஒழுங்காகச் செய்கிறார்கள். என் மடிக்கணினியில் இரண்டாம் பிரதி கிடப்பதால் எந்தப் புத்தகமும் தப்பிப் பிழைக்கப் போவதில்லை. இது விளங்கவே எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது. விளங்கிய பிறகு கோப்புறையை அழித்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அழிக்கவில்லை. கையும் வரவில்லை. ஒரு பென்டிரைவில் போட்டு அலுவலக லாச்சிக்குள் வைத்துவிட்டேன். கதை எழுதுவது வீட்டில். பென்டிரைவ் இருப்பது ஆறு கிலோமீற்றர் தள்ளி. அந்தத் தூரம் போதுமாக இருந்தது.

ஹேர்பர்ட் சைமன் என்றொரு அமெரிக்க அறிஞர், 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். தகவல் எதைத் தின்று வளர்கிறது என்றால் அதைப் பெறுகிறவரின் கவனத்தை, ஆகவே தகவல் பெருகப் பெருகக் கவனத்துக்குப் பஞ்சம் வரும் என்று 1971இலேயே எழுதியவர். கைபேசி பிறக்காத காலம். இதை வாசித்தபோது எனக்குச் சுருட்டுக் கொட்டில்தான் நினைவுக்கு வந்தது. பத்துப் பேருக்கு ஒரு பத்திரிகை, ஒரு குரல். அவர் வாசித்து முடித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மிச்ச நேரம் முழுக்க, கேட்டதை வைத்து வாதாடுவார்கள். என்னிடம் 140 பிடிஎஃப் இருந்தது, வாதாட ஒன்றும் இருக்கவில்லை.

சரி, கதை எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்புவிடம் போனேன், கொப்பியில் 63 கேள்விகளோடு. கூலி எவ்வளவு, வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும், எந்தப் பத்திரிகை வாசித்தார்கள். தொண்ணூறை நெருங்குகிற மனிசன், பொறுமையாகப் பதில் சொன்னார். ஐம்பத்தஞ்சாம் ஆண்டு ஈழநாடு வாசித்ததாக ஓரிடத்தில் சொன்னார். நான் விடவில்லை.

"இல்லைப் பெரியப்பு, ஈழநாடு ஐம்பத்தொன்பதிலதான் தொடங்கினது."

அவர் வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்தார். "உனக்குத்தான் எல்லாம் தெரியுதே பிள்ளை. பிறகேன் என்னட்டைக் கேக்கிறாய்?"

கொப்பியை மூடினேன். வேறென்ன செய்ய? மாமி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தா. கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு அவராகவே தொடங்கினார். நாவலில் சோகமான கட்டம் வந்தால் வாசிக்கிறவருக்குத் தொண்டை அடைக்குமாம். அவர் நிறுத்தினால் எல்லார் கையும் நின்றுவிடும். வெளியிலிருந்து முதலாளி ஒரு செருமல் செருமுவாராம். உடனே கைகள் ஓடத் தொடங்கும், கண்ணீரைத் துடைக்க நேரமிருக்காது. "கை நிண்டால் கூலியும் நிண்டுது எல்லே" என்று சிரித்தார்.

அந்தச் செருமல் என் 63 கேள்விகளில் ஒன்றிலும் இல்லை. கதை முழுக்க அதற்குள்தான் இருந்தது.

அன்றிரவு எழுதத் தொடங்கினேன். அப்போது ஒரு வழக்கம் பழகிக்கொண்டேன், நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது தெரியாத விபரம் வந்தால் தேடப் போகாமல் அந்த இடத்தில் ஃஃ என்று இரண்டு ஆய்தம் போட்டுவிட்டு மேலே போகிறேன். "கூலி ஃஃ சதம்", "ஃஃ மணி ரயில்" என்று. ஆங்கிலப் பத்திரிகைக்காரர் பிறகு நிரப்ப வேண்டிய இடத்தில் டி, கே என்ற இரண்டெழுத்தைப் போடுவார்கள். அந்தச் சேர்க்கை ஆங்கிலச் சொற்களில் வருவது குறைவு, அதனால் தேடிப் பிடிப்பது சுலபம். தமிழில் இரண்டு ஆய்தம் அடுத்தடுத்து வருகிற சொல்லே கிடையாது. எழுதி முடித்தபின் கோப்பில் ஃஃ என்று தேடினால் விட்ட இடமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

நான்கு இரவில் ஒன்பது பக்கம். அதில் 17 இடத்தில் ஃஃ. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொன்றுக்கு விடையே தேவைப்படவில்லை. அந்த வாக்கியத்தைத் தூக்கிவிட்டால் கதை இன்னும் நன்றாக ஓடியது. நான் தேடியதைக் காட்டிக்கொள்ளத்தான் அவை அங்கே வந்திருந்தன. மிச்சம் ஆறு. அதற்கு ஒரு பின்னேரம், இரண்டு பிடிஎஃப். மூன்று வருசத் தேடலில் கதைக்குப் போய்ச் சேர்ந்தது அவ்வளவுதான்.

வரலாற்று நாவல் எழுதுகிறவருக்கு இது சரிவராது என்று யாராவது சொல்லலாம். நியாயம். அவர்கள் நிறைய வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்களும் கையில் ஒரு கேள்வியோடு வாசிப்பதற்கும், கேள்வியே இல்லாமல் பயத்தில் சேர்ப்பதற்கும் நிறைய வித்தியாசம். முதலில் மோசமாகவேனும் ஒரு வரைவு இருந்தால்தான் எதைத் தேடுவது என்றே தெரியவரும்.

அப்புறம் அந்த 'சிறுகதை எழுதுவது எப்படி' காணொளிகள். யூரியூப்பில் நானும் நிறையப் பார்த்தேன். முதல் மூன்றில் ஏதோ கிடைத்தது. நாலாவதிலிருந்து அதே சோற்றைத்தான் வேறு கோப்பையில் போட்டுத் தந்தார்கள். அதை விட்டுவிட்டு, உங்களுக்கு உயிரான ஒரு சிறுகதையை எடுத்து, ஒரு கொப்பியில் கையால் முழுதாக எழுதிப் பாருங்கள். கை வலிக்கும். ஆனால் எழுதியவர் எந்த இடத்தில் மூன்று நாளை ஒரே வரியில் தாண்டினார், எந்த இடத்தில் ஒரு நிமிடத்தை அரைப் பக்கத்துக்கு இழுத்தார் என்பது கண்ணை விடக் கைக்குத்தான் முதலில் தெரியும். நான் மூன்று கதைகள் இப்படி எழுதிப் பார்த்தேன்.

டொமினிக் ஜீவாவை நினைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே எழுதியவர். 1966இல் மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கி, நாற்பது ஆண்டுக்கு மேல் கொண்டுபோனவர். கதைக்கு வேண்டிய மனிதர்கள் அவர் கதிரையில் வந்து இருந்து, வாயும் திறந்தார்கள். அவர் நிறைய வாசித்தவரும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் தகவல் போதவில்லை என்று அவர் எழுதாமல் இருந்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

அலுவலகத்தில் கற்றது ஒன்றும் சொல்கிறேன், வேலைக்காவது பிரயோசனப்படட்டும். ஒரு கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியாவிட்டால், மீண்டும் எடுக்க வேண்டிய திகதியைக் கோவையில் குறித்துத்தான் அலுமாரியில் வைப்போம். திகதி இல்லாமல் வைத்த கோவை தூசிக்குத்தான். இப்போது நான் எந்த இணைப்பைச் சேமித்தாலும் பக்கத்தில் ஒரு திகதி போடுகிறேன், கூடினால் இரண்டு கிழமை. அந்த நாள் வந்து, திறக்கவும் மனமில்லை என்றால் அழித்துவிடுவேன். பெரும்பாலும் அழிப்பதுதான். ஒருதரும் சாகவில்லை.

வாட்சப் குழுக்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இலக்கியக் குழுக்கள் ஒன்பதில் இருந்தேன், இப்போது ஒன்றில் இருக்கிறேன். வெளியேறியதை ஒருவரும் கவனிக்கவில்லை, அதில் கொஞ்சம் மனவருத்தம்தான். செய்திக்கு, ஞாயிறு காலையில் சனசமூக நிலையத்துக்குப் போய் வாங்கில் இருந்து பத்திரிகை பார்க்கிறேன். நடுத்தாள் எப்போதும் வேறொருவர் கையில் இருக்கும். அவர் தரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் இரண்டாவது கதைக்கு முதல் வரி வந்தது.

கொட்டில் கதை அச்சில் வந்ததும் பெரியப்புவிடம் கொண்டுபோனேன். கண் தெரியாது, நீயே வாசி என்றார். உரத்து வாசித்தேன். செருமல் வருகிற இடத்தில் அவரே ஒருதரம் செருமினார், வேண்டுமென்றுதான். முடிந்ததும் ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கதிரை எண்டு போட்டிருக்கிறாய்."

"ஓம், வாசிக்கிறவர் இருக்கிற கதிரை."

"கொட்டிலுக்கை ஆர் கதிரை தந்தது? வாசிக்கிறவனும் எங்களோட பாயிலதான் இருந்தவன்."

அந்த இடத்தில் நான் ஃஃ போடவேயில்லை.