தேங்காய்ப்பாலும் எம்.எஸ். நோயும்: கேள்விகளுக்குப் பதில்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., நரம்பை மூடியிருக்கும் மயலின் உறையை நம் நோயெதிர்ப்பு அணுக்களே தாக்கும் நோய். பட்டர், இறைச்சி, தேங்காயெண்ணெய் போன்றவற்றில் கூடுதலாக இருக்கும் நிரம்பிய கொழுப்புக்கும் இந்த நோய்க்கும் என்ன தொடர்பு என்று இலங்கையின் கிழக்கு ஊர்களிலிருந்து கேட்டவர்களுக்கு, ஒரு போசணை ஆலோசகராக என் பதில்கள். கிளினிக்கில் தந்த மருந்தை உணவை நம்பி யாரும் நிறுத்தக்கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்லடி: மிஸ், ஸ்வாங்க் உணவுமுறை என்று எதையோ வாசித்துவிட்டு மகள் இறைச்சி, பட்டர் எதையும் தொடுகிறாள் இல்லை. அதில் உண்மை உண்டா?

ரோய் ஸ்வாங்க் ஒரு நரம்பியல் டொக்டர். நோர்வேயில் மீன் பிடிக்கும் கரையோரத்தை விட, பாலும் பட்டரும் உண்ணும் உள்நாட்டுப் பண்ணைப் பகுதிகளில் எம்.எஸ். கூடுதல் என்று 1952இல் எழுதினார். 144 நோயாளிகளைக் குறைந்த கொழுப்பு உணவில் வைத்து 34 வருடம் கவனித்து, 1990இல் முடிவை வெளியிட்டார். கட்டுப்பாட்டைக் காத்தவர்கள் நன்றாக இருந்தார்கள், மீறியவர்களில் இறப்பு மிக அதிகம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இருக்கவில்லை. நோய் முற்றியவர்களால்தான் கட்டுப்பாட்டைக் காக்க முடியாமல் போயிருக்கலாம் அல்லவா? 2016இல் ஒப்பீட்டுக் குழுவோடு ஒரு வருடம் செய்த சிறிய ஆய்வில், கொழுப்புக் குறைந்த தாவர உணவால் களைப்பு குறைந்தது, மூளை ஸ்கானில் வித்தியாசம் தெரியவில்லை. மகள் தொடரட்டும், அம்மா. மீனை மட்டும் விட வேண்டாம். சூடையும் சாளையும் அவளுக்கு நல்லது.

காத்தான்குடி: தேங்காயெண்ணெய் மூளைக்கு மருந்து என்று வாட்ஸ்அப்பில் வந்தது. தினம் இரண்டு கரண்டி குடிக்கலாமா?

வேண்டாம். ஸ்வாங்க் அனுமதித்த நிரம்பிய கொழுப்பு நாளுக்கு 15 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயிலேயே 12 கிராம் போய்விடும். அந்த எண்ணெயில் பாதியளவு லோரிக் அமிலம் என்ற நிரம்பிய கொழுப்பு. 2015இல் எலிகளில் செய்த ஆய்வில், அந்த லோரிக் அமிலம் அழற்சி அணுக்களைக் கூட்டி, எம்.எஸ். போன்ற நோயை மோசமாக்கியது. எலி மனிதனல்ல, சரி. அதற்காக அதை மருந்தென்று குடிப்பதா?

அக்கரைப்பற்று: எங்கட அப்பப்பா காலத்திலிருந்து தேங்காய்தான். அவர்களுக்கு இந்த நோய் வந்ததா?

பூமத்திய ரேகைக்குக் கிட்டிய நாடுகளில் எம்.எஸ். குறைவுதான். அந்தப் பெருமையைத் தேங்காய்க்கு எப்படிக் கொடுப்பது, தம்பி? வெயிலும் விற்றமின் டியும் இருக்கின்றன. எப்ஸ்டீன் பார் வைரஸ் இருக்கிறது. அமெரிக்கப் படையினர் ஒரு கோடி பேரின் பதிவுகளை வைத்து 2022இல் வந்த ஆய்வில், அந்த வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். ஆபத்து 32 மடங்கு. அப்பப்பா சாப்பிட்ட தேங்காயோடு வயல் வேலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

அக்கரைப்பற்று, மறுபடியும்: அப்போ சொதியை விடச் சொல்கிறீர்களா?

இல்லை. கட்டிப்பாலை விட்டுத் தண்ணிப்பாலில் வையுங்கள். என் வீட்டில் தேங்காய்ப் பூவை இரண்டாம் தரம் பிழிந்த பாலில்தான் சொதி. மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்டு, கொதிக்க முன்னம் இறக்கித் தேசிக்காய் விட்டால் ருசியில் குறைவில்லை.

களுவாஞ்சிக்குடி: சட்டித் தயிர்?

எருமைப்பாலில் கொழுப்பு பசுப்பாலை விடக் கூட. கிழமைக்கு ஒருநாள், சின்னக் கிண்ணம்.

வாழைச்சேனை: எந்தத் தேங்காயெண்ணெய் நல்லது, மிஸ்?

காத்தான்குடிக்கு எழுதியதை வாசியுங்கள்.

ஓட்டமாவடி: செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் என்றால்?

அதிலும் அதே கொழுப்புத்தான். இனித் தேங்காயெண்ணெய்க் கேள்வி வேண்டாம்.

கல்முனை: மத்தியானத்தில் கால் சோர்ந்து கண் மங்குகிறது. கொழுப்பாலா?

இல்லை, அது சூட்டினால் வருவது. உடல் சூடேறினால் பழுதான நரம்பில் செய்தி தடைப்படும், குளிர்ந்தால் திரும்பும். வெயில் ஏறமுன் வேலையை முடித்து, ஈரத்துணியைக் கழுத்தில் போடுங்கள். குளிர்ந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் நின்றால் உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள்.

சம்மாந்துறை: அவர் மூன்று மாதமாகப் பத்தியம். நல்ல சுகம், ஊசியை விட்டுவிட்டார்.

தங்கச்சி, இந்த நோய் மாதக்கணக்கில் தானாகவே அடங்கிக் கிடக்கும். அந்த நேரத்திலும் மூளையில் புதுத் தழும்பு விழலாம். பத்தியம் இருக்கட்டும். நாளைக் காலையிலேயே அவரையும் கிளினிக் கொப்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். எத்தனை ஊசி தவறியது என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.