பிராம்ப்டன் வீட்டு டிரைவ்வேக்குத் தாரே போதும்

தம்பி, நீங்கள் கேட்டிருந்ததைப் படித்தேன். கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்துப் பிராம்ப்டனில் பழைய வீடு வாங்கியாயிற்று, ரோட்டிலிருந்து கார் ஏறி வந்து நிற்கும் டிரைவ்வேயில் தார் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, பனிக்காலத்துக்குள் மாற்றியாக வேண்டும். தாரா, கான்கிரீட்டா, பேவர் பிளாக்கா என்று குழப்பம். ஊத்துக்குளியில் அப்பா, "நம்ம வாசல் மாதிரியே பேவர் போட்டுரு, ஆயுசுக்கும் கிடக்கும்" என்கிறார்.

நான் கனடாவிலிருந்து லீவில் வந்து சென்னிமலைப் பக்கம்தான் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போய் அந்த வாசலையும் பார்த்துவிட்டே எழுதுகிறேன். அப்பா சொல்வது அந்த வாசலுக்கு நூற்றுக்கு நூறு சரிங்க. கிராவல் மண் கொட்டி, தண்ணீர் விட்டு, திமுசு போட்டு இறுக்கி, மேலே கிரஷர் தூள் பரப்பிக் கல்லை அடுக்கியிருக்கிறார்கள். டிராக்டர் ஏறி இறங்குகிறது, ஒரு கல்கூட ஆடவில்லை. ஆனால் அந்தப் பெருமை கல்லுக்குச் சேராது. அடியில் இருக்கும் மண் வருஷம் பூராவும் அசையாமல் கிடக்கிறது, அவ்வளவுதான். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் மழை, மற்றபடி வெயில். மண்ணுக்கு வேறு சோதனையே கிடையாது.

பிராம்ப்டன் மண் அப்படி இல்லை. அங்கே அஸ்திவாரத்தை ஏன் 4 அடி ஆழத்துக்குக் கொண்டுபோகிறார்கள் தெரியுமா? குளிர் அவ்வளவு தூரம் உள்ளே இறங்கலாம் என்பதால்தான். தண்ணீர் உறைந்தால் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும். மண்ணுக்குள் தேங்கிய ஈரம் உறையும்போது மேலே இருப்பது எதுவானாலும் தூக்கிவிடும், உருகும்போது கீழே விட்டுவிடும். ஜனவரிக் குளிரைவிட மார்ச் மாதம்தான் மோசம். பகலில் உருகி விரிசலுக்குள் இறங்கும் தண்ணீர் ராத்திரி உறைந்து அதைப் பிளக்கும். தினமும் இதே கூத்து. அதனால் மேலே என்ன போடுகிறோம் என்பதைவிட அடியில் தண்ணீர் நிற்கிறதா, ஓடுகிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

பேவரைக் குறை சொல்லவில்லை. முறையாகப் போட்டால் மூன்றிலும் அழகு அதுதான், பழுதானால் நாலு கல்லைப் பெயர்த்து மறுபடி வைத்துவிடலாம். ஆனால் கார் ஏறும் இடத்தில் முறையாகப் போடுவதென்றால், ஓர் அடிக்குத் தோண்டி, ஜல்லியை அடுக்கடுக்காகக் கொட்டி ஒவ்வொரு அடுக்கையும் இறுக்க வேண்டும். 80 மில்லிமீட்டர் கல், ஓரம் நகராமல் இருக்கக் கட்டு, இடுக்கில் இறுகும் மணல், இத்தனையும் வேண்டும். செலவு தாரைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாது. இதில் ஆள்கள் மிச்சம் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த ஜல்லியில்தான். அங்கே எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்போது இரண்டு சக்கரத் தடமும் பள்ளமாகத் தெரிகிறது. நடைபாதை ஓரம் ஒரு கல் அரை விரற்கடை மேலே எழும்பி நிற்கிறது. பனியை அள்ளி வீசும் ஸ்னோ புளோயர் மெஷினைத் தள்ளிக்கொண்டு வரும்போது அந்த விளிம்பில் முட்டி நின்றால் நம் வயிற்றில் கைப்பிடி இடிக்கும். காலை ஆறரைக்கு, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், மைனஸ் 12 டிகிரியில் அதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். அப்பாவின் ஆசைக்குப் பின்பக்கத்தில் உட்காரும் இடத்துக்குப் பேவர் போடுங்கள். அங்கே காரும் ஏறாது, பனி தள்ளும் அவசரமும் இல்லை.

கான்கிரீட் ஏறக்குறைய தாரைப்போல் இரண்டு மடங்கு செலவு, ஆயுளும் அதிகம். ஆனால் நம் ஊர்க் கை பழக்கத்தில் போட்டால் அங்கே நிற்காது. 32 எம்பிஏ (கான்கிரீட்டின் வலுவைச் சொல்லும் அளவு) கலவை, அதில் 5 முதல் 8 சதவீதம் நுண்ணிய காற்றுக்குமிழி இருக்கும்படி ஆர்டர் செய்ய வேண்டும். உறையும் தண்ணீர் விரிய இடம் கொடுப்பது அந்தக் குமிழிகள்தான். நம் கொத்தனார் மேலே தண்ணீர் தெளித்து மழமழவென்று தேய்த்துவிட்டால் நமக்குத் திருப்தி. அங்கே அதே தேய்ப்பில் மேல்தோல் பலவீனமாகி, இரண்டு குளிர்காலத்தில் அப்பளமாகப் பெயர்ந்து ஜல்லி பல்லைக் காட்டும். போட்ட முதல் குளிர்காலத்தில் பனியை உருக்கும் உப்பும் போடக் கூடாது, வழுக்காமல் இருக்க மணல் மட்டும்தான். நீங்கள் போடாவிட்டாலும் ரோட்டு உப்பைக் கார் டயர் கொண்டுவந்து கொட்டும், அது வேறு.

இனி தார். விலை குறைவு, கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கறுப்பாக இருப்பதால் வழித்து எடுத்த பிறகு மிஞ்சும் மெல்லிய பனியை வெயிலே உருக்கிவிடும். இந்தக் கடைசி விஷயத்தை அங்கே ஒரு குளிர்காலம் கழித்த யாரும் லேசாகப் பேச மாட்டார்கள். குறைகளும் உண்டு. பெட்ரோல், எண்ணெய் சொட்டினால் இளகும். ஜூலை வெயிலில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் குழி விழும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சீலர் என்ற பாதுகாப்புப் பூச்சு பூச வேண்டும், ஆனால் போட்ட முதல் வருஷம் பூசக் கூடாது. நன்றாகப் போட்ட தார் 15, 20 வருஷம் வரும். முதல் வீடு, எப்போது மாறுவோம் என்று தெரியாது, லோன் வேறு ஓடுகிறது. இந்த நிலையில் நான் தார்தான் சொல்வேன், மிச்சமாகும் பணத்தை அடித்தளத்தில் போடச் சொல்வேன்.

வெடித்த தாரின் மேலேயே இன்னொரு அடுக்கு போட்டுத் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். கீழே இருக்கும் விரிசல் ஒரே குளிர்காலத்தில் மேலே வந்துவிடும். பழையதை எடுத்து, சேற்று மண்ணையும் எடுத்து, 8 அங்குலம் ஜல்லி இறுக்கி, அதன்மேல் இறுகிய பிறகு 3 அங்குலம் நிற்கும்படி தார். தண்ணீர் ஓட வாட்டம் அடிக்குக் கால் அங்குலம், அதுவும் கராஜையும் வீட்டுச் சுவரையும் விட்டு வெளியே. கொட்டேஷனில் "அடித்தளத்துடன்" என்று ஒரு வார்த்தை போட்டால் பத்தாது, எத்தனை அங்குலம் என்று எண்ணாகவே எழுதி வாங்குங்கள். நகராட்சி தண்ணீர்க் குழாயை அடைக்கும் வால்வின் மூடி டிரைவ்வேயிலோ பக்கத்துப் புல்லிலோ இருக்கும், அதை முதலிலேயே தேடி வையுங்கள். தாருக்கு அடியில் மூடிவிட்டால் பின்னால் தோண்ட வேண்டியது உங்கள் செலவு.

பக்கத்தில் வேலை நடந்தது, தார் மிச்சம் இருக்கிறது, பாதி விலைக்குப் போட்டுத் தருகிறோம் என்று வேனில் வந்து கதவைத் தட்டுபவர்கள் வெயில்காலத்தில் கட்டாயம் வருவார்கள். கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து போடும் பொருள், மிச்சம் வைத்து விற்கும் சரக்கு அல்ல. வேண்டாம் என்று கதவைச் சாத்துங்கள். வாசலில் வைத்துக் கையெழுத்தே போட்டுவிட்டாலும், ஒன்டாரியோ சட்டப்படி 10 நாளுக்குள் ரத்து செய்யலாம்.

இரண்டாவது காருக்காக அகலப்படுத்தும் எண்ணம் இருந்தால் நகராட்சி பெர்மிட் முதலில். மனையின் அகலத்தைப் பொறுத்து டிரைவ்வே எவ்வளவு அகலம் போகலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் துண்டு உங்களுடையதே அல்ல, புல் வெட்டுவது மட்டும் உங்கள் வேலை. தோண்டுவதற்கு முன்னால் புதைந்திருக்கும் லைன்களைக் காட்டித் தர ஏற்பாடு செய்யும் ஒன்டாரியோ ஒன் கால் மூலமாக காஸ், கரண்டு லைன்களுக்கு அடையாளம் போட வைக்க வேண்டும். இலவசம்தான், ஆனால் ஆள் வந்து போட நாளாகும். குளிர் வந்தால் தார் பிளான்ட்டுகளையும் மூடிவிடுவார்கள். அதனால் மூன்று பேரிடம் கொட்டேஷனை இப்போதே கேளுங்கள். வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.