ஷட்டில் ஓடு: பறந்ததா, பரணில் கிடந்ததா?

கேள்வி: அமெரிக்க ஸ்பேஸ் ஷட்டிலின் கறுப்பு வெப்பக்காப்பு ஓடு ஒன்று இணைய ஏலத்துக்கு வந்திருக்கிறது. ‘விண்வெளிக்குப் போய் வந்தது’ என்கிறார் விற்பவர். மேலே ‘வி070’ என்று தொடங்கும் எண் இருக்கிறது. நம்பி வாங்கலாமா?
(மதுரை வாசகர்)

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து வாங்காதீர்கள். அது பாக எண். ஓடு ஷட்டிலில் எந்த இடத்துக்கு உரியது என்பதைத்தான் சொல்லும். உதிரியாகச் செய்து பொருத்தப்படாமலே போன ஓட்டிலும் அது இருக்கும். எந்த ஷட்டிலிலிருந்து எப்போது கழற்றியது என்று வரிசை எண்ணோடு காட்டும் தாளைக் கேளுங்கள். தாள் இல்லையா, பறக்காத ஓட்டின் விலைதான்.

அடுத்து, அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓட்டுக்கும் ஷட்டிலின் அலுமினிய உடலுக்கும் நடுவே ஃபெல்ட் துணி ஒன்று உண்டு. அதை ஒட்டியது சிவப்பு சிலிக்கோன் பசை. கழற்றும்போது ஓடு பெரும்பாலும் உடைந்துவிடும். ஆகவே அடிப்பக்கம் புத்தம் புதிதாக இருந்து, ‘பறந்தது’ என்றும் சொன்னால் சந்தேகப்படுங்கள். பறந்த ஓட்டில் கறுப்பு மங்கியிருக்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நீர்த்தடுப்பு மருந்து செலுத்திய சிறு துளையும் மேலே தெரியும். பக்கவாட்டில் கறுப்புப் பூச்சு அடிவரை வராது, கொஞ்சம் மேலேயே நின்றுவிடும். மேலே ஏறும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற விட்ட வழி அது. போலி செய்பவர்கள் அடிவரை பூசிவிடுவார்கள்.

கைக்கு வந்ததும் சமையலறைத் தராசில் வையுங்கள். வழக்கமான வகை ஒரு கன செ.மீ.க்கு 0.144 கிராம்தான். 15 செ.மீ. சதுரம், 5 செ.மீ. கனமுள்ள ஓடு பூச்சோடு சேர்த்தே 200 கிராமை ஒட்டித்தான் நிற்கும். அடர்த்தியான வகை என்றால் 400 கிராமுக்குச் சற்று மேல். அரைக் கிலோவைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை: ‘டெக்சஸ் வயலில் கிடைத்தது’ என்றால் தொடவே வேண்டாம். 2003 பிப்ரவரி 1 அன்று சிதறிய கொலம்பியாவின் துண்டுகள் அமெரிக்க அரசின் சொத்து, வைத்திருப்பதே குற்றம். 1986இல் வெடித்த சேலஞ்சரின் பாகங்களும் அப்படியே.

கேள்வி: வாங்கிய ஓட்டில் தூசி. ஈரத்துணியால் துடைக்கலாமா?
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: வேண்டவே வேண்டாம். ஓட்டின் கொள்ளளவில் 90 சதவீதத்துக்கு மேல் காற்று நிற்கும் காலி இடம். மீதிதான் சிலிக்கா இழை. பயணச் சூட்டில் நீர்த்தடுப்பு மருந்து எரிந்துபோயிருக்கும் என்பதால், மேலே சொன்ன அளவுள்ள ஓடு கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிடும். மென்மையான ஓவியத் தூரிகை போதும். பூச்சின் கனம் 0.3 மி.மீ. அளவுதான், கட்டைவிரலால் அழுத்தினாலே விரிசல் விடும். டபுள் டேப் போட்டு நிறுத்தினால் எடுக்கும்போது பெயர்த்துக்கொண்டு வரும். அக்ரிலிக் பெட்டிக்குள் மெத்தென்ற பஞ்சுத்தாளில் படுக்க வைத்து, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். உடைந்த விளிம்பு தூள் உதிர்க்கும். கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் அவசியம்.

கேள்வி: அப்போலோ விண்கலத்தின் கேப்டன் (Kapton) என்ற, சூடு தாங்கும் பிளாஸ்டிக் படலத்தின் துணுக்கு ஒட்டிய அட்டை மலிவாக வருகிறதே?
(கோவை வாசகர்)

பதில்: கேப்டன் டேப் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ரோல் ரோலாகக் கிடைக்கிறது. அரை செ.மீ. துணுக்கைப் பார்த்து யாராலும் அசல் சொல்ல முடியாது. துணுக்கு வெட்டப்பட்ட பெரிய துண்டின் படமும், அது யாரிடமிருந்து வந்தது என்ற கையெழுத்திட்ட கடிதமும் இருந்தால் பரிசீலியுங்கள். விற்பவரே அச்சடித்த சான்றிதழ் கணக்கில் வராது.