45 வயதில் வேலையை விட 2 கோடி போதுமா? உயிலை இப்போதே எழுதி வைக்க வேண்டுமா?

கேட்டவர் தனக்கு 42 வயது, மனைவி, பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை, மாதச் செலவு 60,000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார். ஐ.டி.யில் இருப்பார், இன்னும் மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று இருக்கிறார் என்பது என் ஊகம். தப்பென்றால் மன்னிக்கவும். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் முதல் பாதிக்குப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுவிட்டு, உயில் விஷயத்துக்கு வந்ததும் "அதுக்கெல்லாம் இன்னும் வயசு இருக்கு பாஸ்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியைப் படித்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட்டும் இல்லை, யாருக்கும் ஃபண்டு விற்பதும் இல்லை. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்து 46 வயதில் வெளியே வந்தவன். "2 கோடி வெச்சிருக்கறவனுக்கு என்னய்யா கவலை, இங்க மாசக் கடைசியே ஓட மாட்டேங்குது" என்று கீழே வந்து கேட்கப்போகிறவர்களுக்கு: நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டவர் அதைக் கேட்கவில்லை.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் சொல்கிற 4 சதவீதக் கணக்கு (சேமிப்பில் வருடம் 4 சதவீதம் எடுத்துச் செலவழிப்பது), அதாவது வருடச் செலவைப் போல 25 மடங்கு இருந்தால் போதும் என்பது, 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் அந்த ஊர் பங்குச் சந்தை, கடன் பத்திரங்களின் வரலாற்றை வைத்துப் போட்டது. அவர் பார்த்தது 30 வருட ஓய்வுக் காலத்தை. 45-ல் விடுகிறவருக்கு 40 வருடம் தாங்க வேண்டும். விலைவாசி 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்துக்கு ஒருமுறை செலவு இரட்டிக்கும். இன்றைய 60,000, உங்கள் 54 வயதில் 1.2 லட்சம், 66-ல் 2.4 லட்சம். 25 மடங்கு என்றால் 1.8 கோடிதான், 2 கோடி தாராளம் என்று தோன்றும். என் அபிப்பிராயம் 35 மடங்காவது வேண்டும், அதுவும் பிள்ளையின் படிப்புச் செலவைத் தனியாக எடுத்து வைத்த பிறகு. அந்த 2 கோடியில் குடியிருக்கும் வீட்டையும் சேர்த்திருந்தீர்கள் என்றால் இப்போதே கழித்துவிடுங்கள். வீட்டைத் தின்ன முடியாது.

இனி நான் சொல்ல வந்தது.

என் மனைவியின் அண்ணன், எனக்குப் பெரிய மச்சான், சென்னையில் ஐ.டி.யில் இருந்தார். 44 வயதில் வேலையை விட்டார். எங்கள் சொந்தத்தில் முதலில் அந்தத் துணிச்சல் வந்தது அவருக்குத்தான், நான் விட்டதும் அவரைப் பார்த்துத்தான். மேடவாக்கத்தில் ஃபிளாட், கடன் பைசா பாக்கியில்லை. எக்செல்லில் 90 வயது வரை வருடா வருடம் எவ்வளவு எடுப்பது என்று போட்டு வைத்திருந்தார். மனிதர் முட்டாள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அவர் அளவுக்குக் கணக்குத் தெரிந்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. 2017-ல், 47 வயதில், காலை நடைக்குப் போன இடத்தில் மாரடைப்பு. உயில் இல்லை.

அதே சாவு அவர் வேலையில் இருந்தபோது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்புறம் நாங்கள் பேசிப் பேசி மாய்ந்தோம். கம்பெனியின் குரூப் டேர்ம் பாலிசி வந்திருக்கும். பி.எஃப். உறுப்பினர் பணியில் இறந்தால் வரும் ஈ.டி.எல்.ஐ. காப்பீடு வந்திருக்கும் (இப்போது அதன் உச்சவரம்பு 7 லட்சம்). எல்லாவற்றுக்கும் மேல், எச்.ஆர்.-லிருந்து ஒரு பையன் ஃபாரங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து "மேடம், இங்க ஒரு கையெழுத்து" என்று கேட்டிருப்பான். வேலையை விட்ட அன்றைக்கே இதெல்லாம் அறுந்து போகிறது. சம்பளம் நிற்பதைத்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள், கம்பெனி உங்களுக்காகச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த இந்த வேலைகள் நிற்பதை யாரும் யோசிப்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன், 60-ல் ஓய்வு பெறுகிறவனைவிட 45-ல் ஓய்வு பெறுகிறவனுக்கு உயில் அவசரம்.

சரி, என்ன நடந்தது?

முதலில் போன். அவருடைய எண்ணுக்கு யாரும் ரீசார்ஜ் செய்யாமல் விட, சிம் செத்துப்போனது. வங்கி, ஃபண்டு, மின்னஞ்சல் எதற்கும் ஓ.டி.பி. வரவில்லை. எக்செல்லில் தொகைகள் இருந்தன, ஃபோலியோ எண்கள் (ஃபண்டுக் கணக்கின் எண்கள்) இல்லை. பான் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டர் கவுண்டராக ஏறி இறங்கித்தான் எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. பெரிய தொகை இருந்த மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு நாமினி அவருடைய அம்மா. கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்தது, மாற்றவே இல்லை. பி.எஃப்.பில் கல்யாணமானதும் பழைய நாமினேஷன் தானாகவே செல்லாமல் போகும். ஃபண்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் அப்படிக் கிடையாது.

நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிக்கிற ஆள், சொந்தக்காரர் அல்ல என்று சுப்ரீம் கோர்ட் 1983-லேயே, சர்பதி தேவி வழக்கில், சொல்லிவிட்டது. பங்குகளுக்கும் அதுவேதான் என்று 2023 டிசம்பரில் மறுபடி சொன்னது. (இன்சூரன்ஸில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்று இருக்கிறது.) சட்டம் சொல்கிறது சரி. பணம் போய் விழுந்தது என் மாமியார் கணக்கில். அவர் நல்லவர், பெரும்பகுதியை மருமகளுக்குச் செக் போட்டுக் கொடுத்தார். ஒரு பகுதி சின்ன மச்சானின் கடனுக்குப் போனது. மாமியார் மேல் கேஸ் போட்ட மருமகள் என்று பெயரெடுக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? புருஷன் போன வருடத்தில்?

அடுத்தது ஃபிளாட். வங்கிக் கடன் அவர் பேரில் இருந்ததால் பத்திரமும் அவர் பேரில் மட்டும். இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு, சமபங்கு. அப்பா அந்தப் பட்டியலில் இல்லை, இரண்டாம் வகுப்பு. ஆக மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று நாலு பங்கு. "புருஷன் வீடு பொண்டாட்டிக்குத்தானே" என்பது நம் எல்லோருடைய நினைப்பு. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் நாலு பெயர் வந்ததும்தான் மச்சான் மனைவிக்கு முகம் மாறியது.

மாமியார் அப்போதே விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதித் தர ரெடி. சின்ன மச்சான்தான், "அவசரம் என்னங்கம்மா, இருக்கட்டும்" என்றார். அவரைத் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தது அவர்தான். 2019-ல் மாமியாரும் போய்விட்டார். அவரும் உயில் எழுதவில்லை. அவருடைய கால் பங்கு இப்போது மூன்றாகப் பிரிந்தது: சின்ன மச்சானுக்கு ஒன்று, என் மனைவிக்கு ஒன்று, இறந்த பெரியவரின் பிள்ளைகளுக்கு ஒன்று. அண்ணன் ரத்தமும் வேர்வையுமாகக் கடன் கட்டி முடித்த ஃபிளாட்டில் தங்கைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு! என் மனைவி அந்தக் காகிதத்தைப் பார்த்து அழுதாள்.

பெரிய மச்சானின் மூத்த பையன் கல்லூரிக்காக 2021-ல் ஃபிளாட்டை விற்க முனைந்தபோது, வாங்குகிறவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீல் எல்லோருடைய கையெழுத்தும் கேட்டார். என் மனைவி எழுதிக் கொடுத்துவிட்டாள். (எங்கள் பக்கத்திலேயே "சும்மா எதுக்கு எழுதிக் குடுக்கறீங்க" என்று கேட்டவர்கள் உண்டு. பெயர் வேண்டாம்.) சின்ன மச்சான் ஒரு தொகை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பெண் குழந்தை மைனர் என்பதால் அவள் பங்கை விற்க, பெற்ற தாயே ஆனாலும், கோர்ட் அனுமதி வேண்டும். மனு, வாய்தா, அவள் பங்குப் பணத்தை மேஜராகும்வரை டெபாசிட்டில் போடச் சொல்லி உத்தரவு. இதற்கிடையில் முதல் வருட ஃபீஸ் நகைக்கடனில்தான் கட்டப்பட்டது. மச்சான் கணக்குப்படி பணத்துக்குக் குறைவே இல்லை என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பெரும்பகுதியை நிறுத்தியிருக்கக்கூடியது ஒரு வெள்ளைத்தாள். மிகைப்படுத்தவில்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் போட வேண்டும், அவ்வளவுதான். இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவதே என் சிபாரிசு, நாளைக்கு "கையெழுத்து அவரோடது இல்லை" என்று கிளம்புவது கஷ்டம். சாட்சிகள் உங்களைவிட இளையவர்களாக, சொத்தில் பங்கு இல்லாதவர்களாக இருக்கட்டும். வழக்கு என்று வந்தால் சாட்சி உயிரோடு வந்து பேச வேண்டும். பிள்ளை மைனர் என்றால் சொத்தை முழுசாக மனைவி பேருக்கு எழுதுவது எளிது. அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை உயிலிலேயே தனியாக, தொகையாக எழுதுங்கள். "அப்ப அம்மாவை ஏமாத்தச் சொல்றியா" என்று யாரும் வர வேண்டாம். பெற்றவளுக்குக் கொடுப்பதை நீங்கள் முடிவு பண்ணுங்கள், சட்டத்தின் வாய்ப்பாட்டுக்கு விடாதீர்கள் என்கிறேன்.

சிலர் உயில் எதற்கு, வீட்டை இப்போதே செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றித் தரும் பத்திரம்) எழுதிவிடு என்பார்கள். எழுதினால் அதோடு போயிற்று, உயில் மாதிரி நினைத்தபோது மாற்ற முடியாது. கவனிக்காவிட்டால் திரும்ப வாங்கலாம் என்கிற 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் பாதுகாப்பு 60 வயதைத் தாண்டியவர்களுக்கு. உங்கள் வயதுக்கு அது இல்லை. (நான் சொன்ன பங்குக் கணக்கு இந்துக்களுக்கானது. இஸ்லாமியர், கிறிஸ்தவர் சட்டம் வேறு, இஸ்லாமியர் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.)

வேலையை விடுவதற்கு முன்னால், கவனிக்கவும், முன்னால், டேர்ம் இன்சூரன்ஸ் எடுங்கள். சம்பளத்தைப் பார்த்துத்தான் கவரேஜ் கொடுப்பார்கள், சம்பளம் நின்றபிறகு போனால் ஆயிரம் கேள்வி. எடுக்கும்போதே 1874-ஆம் வருடத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் என்று டிக் செய்யுங்கள். அந்தப் பணம் மனைவி பிள்ளைகளுக்குத் தனி டிரஸ்டாகிவிடும், கடன்காரனோ அண்ணன் தம்பியோ தொட முடியாது. மெடிக்கல் பாலிசியும் இப்போதே. இருக்கிற நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 3 வருடம் வரை இருக்கலாம், உங்களுக்கு மிச்சம் இருப்பதும் 3 வருடம்தான். வங்கிகளில் 2025 நவம்பர் முதல் நாலு நாமினி வரை போடலாம். போய்ப் போடுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் இதையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சீக்கிரம் வேலையை விட்டவன் ஊருக்கெல்லாம் ஆபீஸ் பையன். எங்கள் அபார்ட்மெண்டில் "நீங்க வீட்லதான இருக்கீங்க" என்று பொருளாளர் ஆக்கினார்கள். தண்ணி லாரி, லிஃப்ட் மெயின்டனன்ஸ், ஜெனரேட்டர் டீசல் எல்லாம் என் தலையில். மூன்று மாதம் பராமரிப்புத் தொகை கட்டாதவர் வாட்ஸாப் குரூப்பில் என்னிடம் கணக்குக் கேட்கிறார், அதுவும் இரவு 11 மணிக்கு. சொந்தத்தில் யாருக்கு ரயிலடிக்குப் போக வேண்டும், யாருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்க வேண்டும் என்றாலும் என் போன்தான் அடிக்கும். உங்கள் எக்செல்லில் பெட்ரோலுக்குக் கொஞ்சம் அதிகமாகவே போடுங்கள்.

அம்மா இருக்கிறாரா, வீடு யார் பேரில் இருக்கிறது, பழைய கம்பெனி கணக்குகளில் நாமினி யார் என்பதையெல்லாம் நீங்கள் கேள்வியில் எழுதவில்லை. எழுதினால் தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த ஃபண்டு வாங்கலாம் என்று மட்டும் உள்பெட்டியில் வந்து கேட்காதீர்கள், பிளாக் செய்துவிடுவேன்.