சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் இ.எஸ்.ஐ. என்னவாகும்?

கடலூர் சிப்காட்டில் வேலை, அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக 3 மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பாதிக்குமா என்கிறீர்கள். நாள் கணக்கைப் பொறுத்தது.

ஏப்ரல்–செப்டம்பரில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருந்தால்தான் அடுத்த ஜனவரி–ஜூனில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கு ஜூலை–டிசம்பர். விடுப்பு முழுவதும் ஒரே அரையாண்டில் விழுந்தால், மாதம் 26 நாள் கணக்கில் மீதி 3 மாதம் சரியாக 78. சம்பளமில்லாமல் இன்னொரு நாள் போனாலும் கவிழ்ந்தது. எனவே விடுப்பு செப்டம்பர், அக்டோபர் என இரண்டு அரையாண்டுகளிலும் பிரிந்து விழும்படி போடுங்கள். அந்தத் தொகையும் உங்கள் நோய்க்குத்தான், அப்பாவைப் பார்த்துக்கொள்ள அல்ல.

'திரும்பியதும் அதே வேலை' என்ற வரி ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்காது. எனவே அனுமதியைத் தேதிகளோடு எழுத்தில் வாங்குங்கள். மேஸ்திரியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனால், 'சொல்லாமல் நின்றுவிட்டார்' என்று நோட்டீஸ் வரலாம்.