ஸ்லாலம் வாட்டர் ஸ்கீயிங்: கேட்டவையும் பதில்களும்

படகு இழுத்துச் செல்ல, ஒற்றை ஸ்கீயில் (தண்ணீரில் சறுக்கும் பலகை) நின்று மிதவைகளைச் சுற்றிப் போகும் ஸ்லாலம் பற்றிக் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஸ்கீயை மாற்றலாமா என்று கேட்ட பலருடைய சிக்கல், உண்மையில் ஸ்கீயின் மேல் நிற்கும் விதத்தில் இருக்கிறது. அதனால் நிற்பதைப் பற்றி முதலில், வாங்குவதைப் பற்றி அப்புறம்.

இரண்டு ஸ்கீயில் நன்றாகப் போகிறேன். ஒற்றை ஸ்கீக்கு எந்தக் கால் முன்னால்? ஆழமான தண்ணீரில் மிதந்தபடி தொடங்கினால் எழவே முடியவில்லை, அண்ணா.

இரண்டு ஸ்கீயில் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு காலைச் சற்றுத் தூக்கிப் பாருங்கள். பிறகு மற்றொரு காலை. எந்தக் காலில் நிற்கும்போது உடம்பு ஆடாமல் இருக்கிறதோ, அதுதான் முன்கால். பின்னாலிருந்து தள்ளிவிட்டுப் பார்க்கும் சோதனையைவிட இதை நான் நம்புவேன்.

எழும்போது முழங்கால்கள் மார்போடு ஒட்டியிருக்கட்டும், கைகள் நேராக, ஸ்கீயின் முனை தண்ணீருக்கு வெளியே. படகு இழுக்கத் தொடங்கியதும் எழுந்து நிற்க அவசரப்படுவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. சுருண்டே இருங்கள், ஸ்கீ தானாக மேலே வந்து சறுக்கத் தொடங்கிய பிறகு நிமிர்ந்தால் போதும். படகு ஓட்டுபவரிடமும் சொல்லிவையுங்கள்: ஒரேயடியாக முடுக்காமல், சீராக வேகம் ஏற்ற வேண்டும்.

படகின் அலையை நெருங்கும்போதே பயம் வந்து பின்னால் சாய்கிறேன். தாண்டும்போது தூக்கிப்போடுகிறது.

பயத்தில் நாம் சாய்வை விடுகிறோம். சாய்வு போனால் ஸ்கீ தட்டையாகிவிடும். தட்டையான ஸ்கீ அலையில் ஏறினால் மேலே எறியத்தான் செய்யும். விளிம்பில் நிற்கும் ஸ்கீ அலையை வெட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே படகுக்குப் பின்னால் எழும் இரண்டு அலைகளில் இரண்டாவதைத் தாண்டும்வரை சாய்வை விடாதீர்கள், முழங்கால்கள் மட்டும் இளகியிருக்கட்டும். கண் அலையைப் பார்க்க வேண்டாம், எதிர்க்கரையைப் பார்க்கட்டும்.

கைகளையும் கவனியுங்கள். வடம் இழுக்கும் போட்டியில் யாரும் முழங்கையை மடக்கி இழுப்பதில்லை. கையை நீட்டி, உடம்பைச் சாய்த்து, காலால் ஊன்றுவார்கள். இங்கேயும் அதேதான். கைப்பிடி இடுப்புக்கு அருகே தாழ்வாக, முழங்கைகள் விலாவை ஒட்டி, இடுப்பு கைப்பிடியை நோக்கி. இடுப்பு பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால் முழுப் பாரமும் முதுகில் ஏறிவிடும்.

இன்னொன்று: மெதுவாகப் போனால் அலை சின்னதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஸ்லாலம் வேகங்களில் வேகம் குறையக் குறைய அலை பெரிதாகும்.

முதல் இரண்டு மிதவைகளைச் சுற்றிவிடுகிறேன். மூன்றாவதில் எப்போதும் தாமதம். நான்காவதை எட்டவே முடிவதில்லை. இன்னும் பலமாக இழுக்க வேண்டுமா?

வேண்டாம். உங்கள் சிக்கல் மூன்றாவது மிதவையில் தொடங்கவில்லை, நுழைவாயிலுக்கு (பாதைக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் மிதவை ஜோடி) முன்பே தொடங்கிவிடுகிறது.

பாதையின் கணக்கைப் பார்ப்போம். மொத்த நீளம் 259 மீட்டர். மிதவைகள் ஆறும் படகுப் பாதையின் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, வலமும் இடமுமாக மாறி மாறி நிற்கின்றன. நுழைவாயிலிலிருந்து முதல் மிதவைக்கு நீளவாக்கில் 27 மீட்டர், அடுத்தடுத்த மிதவைகளுக்கு இடையே 41 மீட்டர். படகு மணிக்கு 55 கிலோமீட்டரில் போனால் இந்த 41 மீட்டரைக் கடக்க 3 வினாடிகூட ஆகாது. அதற்குள் நீங்கள் 23 மீட்டர் குறுக்கே போய், வேகத்தைக் குறைத்து, திரும்பியும் ஆக வேண்டும். ஒரு மிதவையில் கால் வினாடி பிந்தினால், அடுத்ததில் அரை வினாடி பிந்துவீர்கள். மூன்றாவதில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

அதனால் தொடக்கத்தைச் சரிசெய்யுங்கள். நுழைவாயிலுக்கு முன் படகின் இடப்பக்கம் நன்றாக அகலப் போங்கள், ஏறக்குறைய மிதவைக் கோடு வரைக்கும். அங்கே நிமிர்ந்து, இரண்டு காலிலும் பாரம் வைத்து, அவசரமில்லாமல் சறுக்குங்கள். அந்த அகலம் கிடைத்தால்தான் உள்ளே திரும்பும்போது வாயிலில் வேகம் இருக்கும். அரைகுறை அகலத்தில் திரும்பினால் வாயில் கிடைக்கும், முதல் மிதவைக்கு நேரம் கிடைக்காது.

இரண்டாவது, இழுப்பை எங்கே செய்கிறீர்கள் என்பது. மிதவையைச் சுற்றிய உடனே சாய்ந்து, படகுக்கு நேர்பின்னால் வரும்போது உச்சத்தில் இருக்க வேண்டும். அலையைத் தாண்டிய பிறகும் இழுத்துக்கொண்டிருந்தால் மிதவையை வேகமாக அடைவீர்கள், திரும்ப மட்டும் முடியாது. தாண்டியதும் கைப்பிடியை இரண்டு கையாலும் உடம்பருகே பிடித்தபடி ஸ்கீயின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறுங்கள். அதற்குப் பிறகுதான் படகுக்கு அப்பால் இருக்கும் கையை விட வேண்டும். சீக்கிரம் விட்டால் படகு உங்களை உள்ளே இழுத்துக் குறுக்கிவிடும்.

பயிற்சிக்கு வேகத்தை 3 கிலோமீட்டர் குறையுங்கள், அல்லது மிதவைகள் நடுவே நெருக்கமாக இருக்கும் சிறிய பாதையில் போங்கள். அங்கே ஆறையும் நிதானமாகச் சுற்றுவது, பெரிய பாதையில் மூன்றோடு விழுவதைவிட எவ்வளவோ மேல்.

என் எடை 80 கிலோ. மணிக்கு 48 கிலோமீட்டரில் போகிறேன். போட்டி வீரர்களின் கார்பன் ஸ்கீ வாங்கலாமா?

இப்போது வேண்டாம் என்பேன். ஸ்கீயின் நீளத்தை எடையும் வேகமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. உயரத்துக்கு அதில் பெரிய பங்கில்லை. 80 கிலோ எடைக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் 66 அல்லது 67 அங்குலம் பொருந்தும். நீங்கள் அதைவிட மெதுவாகப் போவதால் 67 அல்லது 68 பாருங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அட்டவணை மாறும், வாங்கும் ஸ்கீயின் அட்டவணையையே பாருங்கள்.

உயர்நிலை ஸ்கீக்கள் விறைப்பானவை, வேகம் இருந்தால்தான் வேலை செய்யும். உங்கள் வேகத்துக்குச் சற்று அகலமான நடுத்தர ஸ்கீ நல்லது. தண்ணீரில் மேலே மிதக்கும், எழுவதும் எளிது, திருப்பத்தில் அமிழ்ந்து நிற்காது. முடிந்தால் இரண்டு மூன்று ஸ்கீக்களில் ஏறிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய ஸ்கீ வாங்குவதிலும் தவறில்லை, ஆனால் விளிம்பில் பிளவு இருக்கிறதா, பூட் (காலை இறுக்கிப் பிடிக்கும் காலணி) பதிக்கும் திருகுத் துளைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள்.

இரண்டு பூட்டா, அல்லது பின்காலுக்கு வெறும் பட்டையா, சார்?

ஆழத்திலிருந்து எழப் பழகும்வரை பின்காலுக்குப் பட்டை. அந்தக் காலை வெளியே விட்டு எழுந்து, பிறகு நுழைத்துக்கொள்ளலாம். இரண்டு பூட்டில் பிடிமானம் கூடும். விழும்போது ஒரு கால் கழன்று இன்னொன்று மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து, எனவே இரண்டும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். எதுவானாலும் முன்கால் குதிகால் மேலே எழக்கூடாது.

ஸ்கீயின் அடியில் இருக்கும் ஃபினை (சிறு தகடு) நகர்த்தினால் திருப்பம் சரியாகுமா?

சரியாகலாம். ஆனால் ஃபின் அளவுகள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகப் பேசப்படுபவை, காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவி இல்லாமல் தொட வேண்டாம். தயாரிப்பாளர் சொன்ன அளவில் வைத்து ஒரு பருவம் முழுக்க ஓட்டுங்கள். நகர்த்துவதாக இருந்தால் பழைய அளவை எழுதிவைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கயிற்றை எப்போது குறைப்பது?

ஒரே நீளத்தில், ஒரே வேகத்தில், ஆறு மிதவையும் பலமுறை பதற்றமில்லாமல் வந்த பிறகு. போட்டிக் கயிற்றில் நீளங்கள் வண்ணத்தால் குறிக்கப்பட்டிருக்கும்: 18.25 மீட்டர் சிவப்பு, 16 ஆரஞ்சு, 14.25 மஞ்சள், 13 பச்சை, 12 நீலம். 11.25க்கு வந்துவிட்டால் கயிறே மிதவையின் 11.5 மீட்டர் தூரத்தைவிடக் குட்டை. மீதியை உடம்பை நீட்டி எட்டுகிறார்கள்! அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். படகின் அலை அமைப்பு 18.25ஐவிட 16இல் பலருக்கு இணக்கமாக இருப்பதும் உண்டு.

கையுறை, லைஃப் ஜாக்கெட், கைப்பிடி?

கையுறை கையை ஒட்டி, உள்ளங்கையில் சுருக்கம் விழாமல் இருக்கட்டும், சுருக்கம்தான் கொப்புளம் போடும். கைப்பிடி மெல்லியதாக இருந்தால் முன்கை வலி குறையும். கயிறு நீளாத ஸ்லாலம் கயிறாக இருக்க வேண்டும். காற்றடைத்த ட்யூப் இழுக்கும் கயிறு இதற்கு ஆகாது. ஜாக்கெட்டில் மெலிதானதைத் தேடாமல், மிதக்கவைக்கும் என்று சான்றிதழ் பெற்றதை வாங்குங்கள்.

விழப்போகிறேன் என்று தெரிந்தும் கைப்பிடியை விட மனம் வருவதில்லை.

விட்டுவிடுங்கள். தோளும் விரலும் அடிபடுவது பெரும்பாலும் விடாமல் பிடித்ததால்தான். கயிற்றை மணிக்கட்டில் சுற்றுவதோ, கைப்பிடிக்குள் கையை நுழைப்பதோ கூடவே கூடாது. விழுந்ததும் கையை உயர்த்திக் காட்டுங்கள். படகில் பார்த்துக்கொள்ள ஒருவர் தனியாக இருக்கட்டும், ஓட்டுபவர் பின்னால் திரும்பிப் பார்க்கும் நிலை வரக்கூடாது.