டிவியில் ஓடுகிற வீடியோ டெஸ்க்டாப்பில் ஏன் திறக்க மாட்டேன் என்கிறது?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பா தோட்டத்தில் இருந்தபோது எடுத்த தீமிதி, கல்யாண வீடியோ கேசட்டுகளைக் கடையில் கொடுத்து ஃபைலாக மாற்றி, விண்டோஸ் 10 உள்ள பழைய லேப்டாப்பில், வீடியோக்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறேன். ஹாலில் டிவியில் நன்றாக ஓடுகிறது. மகனுடைய டெஸ்க்டாப் விண்டோஸ் 11. அதில் திறந்து வெட்டி ஒட்டலாம் என்றால் பெயரும் பாஸ்வர்டும் கேட்கிறது. லேப்டாப்பைத் திறக்கும் அதே நான்கு இலக்க எண்ணைத்தான் போடுகிறேன், தப்பு என்கிறது. (ஓர் ஆசிரியை)

பதில்: டீச்சர், சிக்கலே அந்த நான்கு இலக்க எண்தான். அது பின் நம்பர். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியாக வருகிறவரிடம் விண்டோஸ் பாஸ்வர்டைத்தான் கேட்கும். பின் நம்பரை நூறு தடவை போட்டாலும் உள்ளே விடாது.

அப்படியானால் டிவிக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது? ஜெல்லிஃபின் பள்ளிக் கேன்டீன் மாதிரி. கேட்டதைத் தட்டில் போட்டுக் கொடுக்கும், அதற்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கும். உங்கள் மகனுக்கு வேண்டியது சமையலறைக்குள் போக அனுமதி. அதைக் கொடுப்பது ஜெல்லிஃபின் அல்ல, விண்டோஸ். ஜெல்லிஃபினில் எதை மாற்றினாலும் இது சரியாகாது.

லேப்டாப்பில் இதற்கென்றே ஒரு புதுப் பயனரைச் சேருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத உள்ளூர்க் கணக்காக இருக்கட்டும். பெயர் ‘வீடு’ என்றுகூட இருக்கலாம், ஆனால் பாஸ்வர்டு கட்டாயம். பாஸ்வர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் அனுமதிக்காது. ‘எல்லாருக்கும் திறந்துவிடு, பாஸ்வர்டே வேண்டாம்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். விண்டோஸ் 11 ப்ரோவில் 24எச்2 பதிப்பிலிருந்து அப்படிப்பட்ட விருந்தாளி நுழைவு தானாகவே மறுக்கப்படுகிறது.

அடுத்து ஃபோல்டர். அதன் ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங், செக்யூரிட்டி என்று இரண்டு பக்கம் உண்டு. பாதிப் பேர் ஷேரிங்கில் மட்டும் பெயரைச் சேர்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இரண்டிலும் அந்தப் பயனர் இருக்க வேண்டும். எதில் அனுமதி குறைவோ அதுதான் செல்லும். படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். வெட்டி ஒட்டும் அவசரத்தில் பையன் அசலையே அழித்துவிட்டால், தாத்தாவின் தீமிதி திரும்பி வராது.

டெஸ்க்டாப்பில் ‘நெட்வொர்க்’ ஐகானைத் திறந்து லேப்டாப் தெரிகிறதா என்று தேட வேண்டாம். அந்தப் பட்டியல் பல சமயம் காலை வாரிவிடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் நேராக \\192.168.0.20 என்று அடித்துப் பாருங்கள். இது நெட்வொர்க்கில் ஒரு கணினியின் முகவரி (ஐபி எண்). எண் உங்கள் லேப்டாப்புடையதாக இருக்க வேண்டும். ரூட்டரில் அந்த எண்ணை லேப்டாப்புக்கே நிரந்தரமாக ஒதுக்கி வையுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் மாறிவிடும். பெயர் கேட்கும்போது லேப்டாப்பின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, அப்புறம் பயனர் பெயர் என்று கொடுங்கள். பழைய தப்பான பாஸ்வர்டு டெஸ்க்டாப்பின் நினைவில் ஒட்டிக்கொண்டிருந்தால், கிரெடென்ஷியல் மேனேஜரில் போய் அதை நீக்குங்கள்.

இன்னும் வரவில்லையா? லேப்டாப்பில் வைஃபை ‘பப்ளிக்’ என்று இருக்கும், ‘பிரைவேட்’ ஆக மாற்றுங்கள். பின்கட்டில் இரண்டாவது ரூட்டர் வைத்திருந்தால் இன்னொரு சந்தேகம். டெஸ்க்டாப் 192.168.1 என்றும் லேப்டாப் 192.168.0 என்றும் தொடங்கினால் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன. இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (தனி நெட்வொர்க் போடாமல் முதல் ரூட்டரின் நெட்வொர்க்கையே நீட்டிக்கும் முறை) மாற்றினால் போதும். லேப்டாப் மூடியை மூடினால் அது தூங்கிவிடும், பகிர்வும் காணாமல் போகும். பவர் செட்டிங்கில் மூடி மூடும்போது ‘ஒன்றும் செய்யாதே’ என்று வையுங்கள்.

எடிட் செய்யும் ஃபைலை முதலில் டெஸ்க்டாப்புக்கு நகல் எடுக்கச் சொல்லுங்கள். 13 ஜிபி ஃபைல் கிகாபிட் கேபிளில் ஏறக்குறைய 2 நிமிடத்தில் வந்துவிடும், 100 மெகாபிட்டில் 20 நிமிடம். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலே வேகம் 100க்கு இறங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. நகல் நத்தையாய் ஊர்ந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

விண்டோஸ் ஃபோல்டர் பகிர்வு நடக்கும் வாசல் 445ஆம் போர்ட். ரூட்டரில் அதை மட்டும் வெளியே, இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். 2017இல் உலகத்தை அலறவைத்த வான்னாக்ரை வைரஸ் இந்த வழியாகத்தான் பரவியது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. லேப்டாப் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

நம் பக்கம் மத்தியானம் இடி இடித்தால் சும்மா விடாது. பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது, நெட்வொர்க் கேபிள் வழியாகவும் மின்னல் உள்ளே வரும். அதையும் கழற்றுங்கள். எல்லா வீடியோவையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வேறொரு வீட்டில் வையுங்கள். அப்பாவின் கேசட்டுகளை இன்னும் தூக்கிப் போடவில்லைதானே?